சிடி100 டிரெயின் போல்ட் மரை போய்விட்டது: பெரிய போல்டா, ஹெலிகாயிலா?

சக்கரம்89:
அப்பா ஓட்டிய 1989 ஹீரோ ஹோண்டா சிடி100, இப்போது என்னிடம். போன வாரம் ஆயில் மாற்ற நானே கீழே படுத்து, இஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். போல்ட்டோடு அலுமினிய மரையும் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. முன்பு ஒரு பட்டறையில் ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்; அன்றே தடுத்திருக்க வேண்டும். இப்போது போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. இஞ்சின் கூட்டை, அதாவது கேஸையே மாற்றும் பேச்சுக்கு இடமில்லை, ஆர்சியில் இருக்கும் நம்பர் இந்த இஞ்சினில்தான் அடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

எண்ணெய்க்கை:
தம்பி, கவலைப்படாதே. ஓவர்சைஸ் போல்ட் என்றே கடையில் கிடைக்கும். முனையில் வெட்டுப் பள்ளம் இருக்கும், தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அரை மணி நேர வேலை. நான் எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கிறேன், ஒழுகி ஒன்றும் திரும்பி வரவில்லை.

லேத்பட்டறை:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் போல்ட் ஒரு நூல் சாய்ந்து நுழைந்தாலும் மரை முழுக்கச் சாய்ந்துவிடும். அப்போது வாஷர் ஒரு பக்கம்தான் அழுந்தும், மறுபக்கம் கசியும். கசிகிறதே என்று இன்னும் முறுக்குவார்கள். இந்த வண்டியின் மரை போனதும் அப்படி முறுக்கித்தான். ஹெலிகாயில் போடுங்கள். உள்ளே ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் உட்கார்ந்துவிடும், பழைய 12 மில்லி போல்ட்டையே மாட்டலாம்.

எண்ணெய்க்கை:
கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஆயில் ஏறிக் கசியாதா? ஒரு வண்டியில் கசிந்ததை நானே பார்த்தேன்.

இரண்டாம்கியர்:
இந்த இடத்தில் கொஞ்சம் அளவு பார்ப்போம், இருவருமே அதைச் சொல்லவில்லை. சிடி100 போல்ட் 12 மில்லி, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5. அதற்கான ஹெலிகாயிலுக்குச் சுமார் 12.4 மில்லி துளை போட்டு, டேப் என்ற மரை வெட்டும் கருவியில் இதற்கென்றே உள்ள ஒன்றால் மரை வெட்டுவார்கள். அந்த மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 14 மில்லி. 14 மில்லி பெரிய போல்ட்டுக்குத் துளை 12.5. ஆக, இரண்டு வழியிலும் கேஸிலிருந்து போகிற அலுமினியம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ‘பெரிய போல்ட் போட்டால் கேஸ் மெலிந்துவிடும்’ என்ற பேச்சு ஹெலிகாயிலுக்கும் பொருந்தும்.

வித்தியாசம் பிறகுதான் தெரியும். 14 மில்லி போல்ட் மறுபடி நேரே அலுமினியத்தில்தான் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தேயும். சுருள் போட்டால் தேய்மானம் எஃகின் மேல்.

கசிவைப் பற்றி: ஆயிலைத் தடுப்பது மரை அல்ல, வாஷர். சுருள் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்து, வாஷர் அந்த 14 மில்லி வட்டத்துக்கு வெளியே சுத்தமான முகத்தில் படிந்தால் பின்னால் ஏறிய ஆயிலும் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பார்த்த வண்டியில் அந்த முகம் கீறியிருக்கலாம்.

எண்ணெய்க்கை:
அளவு சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். தானே வெட்டும் போல்ட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் டேப் பிடித்து நேராக 14 மில்லி வெட்டினால் என்ன தப்பு? சின்ன ஊரில் ஹெலிகாயில் செட்டுக்கு எங்கே போவது? 14 மில்லி டேப் எந்த லேத்திலும் இருக்கும். நாளைக்கு நெடுஞ்சாலையில் நின்றால் யார் வேண்டுமானாலும் சரிசெய்யக்கூடிய வேலைதான் நல்ல வேலை.

லேத்பட்டறை:
அதற்குத்தான் புஷ் இருக்கிறது, உள்ளும் வெளியும் மரை உள்ள குழாய்த் துண்டு. 16 மில்லி வெளிமரை, 12 மில்லி உள்மரை வைத்துப் பித்தளையில் கடைந்து ஏற்றலாம். சூட்டில் பித்தளை விரிகிற அளவு, எஃகைவிட அலுமினியத்துக்கு நெருக்கம். ஆனால் போல்ட்டைச் சுற்றியுள்ள சுவர் தடிமனை அளந்த பிறகுதான் 16-க்குப் போக வேண்டும், மெலிசாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன்.

சக்கரம்89:
எனக்குப் பெரிய பயம் துகள். இதில் காகித ஃபில்டர் கிடையாது, சல்லடையும் கிராங்க் முனையில் சுழல் வடிகட்டியும்தான். அலுமினியத் தூள் உள்ளே போனால்?

லேத்பட்டறை:
நியாயமான பயம். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிவிடுங்கள். அரைச் சுற்று வெட்டி, கால் சுற்று திருப்பி, வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் பூசி மறுபடி. பொறுமை வேண்டும். முடிந்ததும் துளையைத் திறந்து வைத்தபடி மேலிருந்து மலிவான ஆயில் அரை லிட்டர் ஊற்றுங்கள். மிச்சத் தூள் கீழே வந்துவிடும். டீசல் ஊற்றி இஞ்சினை ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். போல்ட் மரையில் டெஃப்லான் நாடாவும் சுற்ற வேண்டாம், பிய்ந்த துண்டு சல்லடையில் போய் ஒட்டும்.

சக்கரம்89:
சரி, சனிக்கிழமை லேத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஹெலிகாயில் செட் இருந்தால் அது, இல்லையென்றால் நேராக வெட்டிய 14.

எண்ணெய்க்கை:
என் ஓட்டு இன்னும் 14-க்குத்தான். எதைப் போட்டாலும் புது வாஷர் இரண்டு வாங்கிக்கொண்டு போ, பழையதைத் திருப்பிப் போடாதே. இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடி, ஆறிய பிறகு முறுக்கு. 17 நம்பர் ரிங் ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில். டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர் பக்கம் நிறுத்து. இந்த வண்டி ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலில் ஓடுவது, ஆயில் விளக்கும் கிடையாது. அதனால் முதல் வாரம் தினமும் ராத்திரி இஞ்சினுக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றைப் போட்டுவை. காலையில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கிக்கரில் கால் வை.