புதுப்பிப்பு: சேலத்துல பதிவுத் திருமணம் முடிஞ்சுது, இனி விசா

பிலிப்பைன்ஸ் பொண்ணைச் சிறப்புத் திருமணச் சட்டத்துல கட்ட என்னென்ன பேப்பர் வேணும்னு இங்க கேட்டிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி. சர்டிபிகேட் கைக்கு வந்தாச்சு.

ரொம்ப இழுத்தது அவங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு காட்டுற சான்றுதான். மணிலாவுல வாங்கி, அங்கேயே அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுபடியாகறதுக்கான அரசு முத்திரை) பண்ணி, அப்புறம் அவங்க தூதரகத்துல தடையில்லைன்னு இன்னொரு பேப்பர். பாஸ்போர்ட்ல இருக்கிற நடுப்பேர் அவங்க அம்மாவோட குடும்பப் பேர். கவுண்டர்ல அதை அப்பா பேருக்கான கட்டத்துல எழுதிட்டாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எழுத்தெழுத்தா பாருங்க சாமி.

கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு பதிவு அலுவலகத்துல நோட்டீஸ் கொடுக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் அதுக்கு முந்தின 30 நாள் அந்த மாவட்டத்துல இருந்திருக்கணும். எங்க வீடு ஏற்காடு, அதனால சிக்கல் இல்ல. நோட்டீஸ் பலகையில ஏறினப்புறம், யாராவது ஆட்சேபணை சொல்றாங்களான்னு பார்க்க இன்னும் 30 நாள். நிலம் பதிய வந்த பெரியவர் ஒருத்தர் கண்ணாடியை ஏத்திவிட்டு முழுசா படிச்சுட்டு, "புள்ள காரம் சாப்புடுமா தம்பி?"ன்னார். ஆட்சேபணைன்னு வந்தது அது ஒண்ணுதான்! நோட்டீஸ் கொடுத்து 3 மாசத்துக்குள்ள கல்யாணத்தை முடிக்கலேன்னா மறுபடி முதல்லேர்ந்து. சாட்சி 3 பேர்.

ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக்காரங்க இங்க நீண்டகாலம் தங்க உதவுற அட்டை) உடனே கிடைக்குமான்னு கேட்ட அண்ணனுக்கு: கிடைக்காது. பதிவான கல்யாணம் தொடர்ந்து 2 வருஷம் நிலைச்சிருக்கணும், அப்புறம்தான் விண்ணப்பமே. அதுவரைக்கும் இந்தியரைக் கட்டினவங்களுக்குக் கொடுக்கிற எக்ஸ் விசாதான். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தோட இ-எப்ஆர்ஆர்ஓ தளத்துல பேப்பரையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்திட்டிருக்கேன். மலையில நெட் விட்டுவிட்டுத்தான் வருது.