மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. முதுகுவலி மட்டும் நிற்கவில்லை

ஏத்தன்தோட்டம், களக்காடு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. களக்காட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் வாழை வைத்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டு தை மாதம் ஏத்தன் தாரைத் தலையில் சுமந்து வரப்பில் வந்தபோது கால் சறுக்கி வாய்க்காலுக்குள் மல்லாந்து விழுந்தேன். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு விலகி நரம்பை அழுத்துவதாகச் சொல்லி, அந்த ஆண்டே அறுவை சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டிரமடால் என்ற அபின் வகை வலி மாத்திரை காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. முதலில் சீட்டு இல்லாமலேயே கொடுத்த கடைக்காரர், அடுத்த ஆண்டு திடீரென்று கையை விரித்துவிட்டார். அதன்பிறகு களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் என்று ஒரு கடையில் வாங்கியது அடுத்த கடைக்குத் தெரியாதபடி ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, அதாவது 600 மில்லிகிராம். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு திண்ணையில் படுத்திருந்தபோது வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் இரத்தமாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்கு முழுக்கதையும் தெரிந்தது. பதினெட்டு நாள் மருத்துவமனையில் வைத்துப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். கொட்டாவியும் மூக்கொழுகலும் புல்லரிப்பும் வயிற்றுப்போக்குமாகக் கழிந்த அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் உடம்பு குளிர்கிறது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது, ஒன்றுகூடத் தொடவில்லை. ஆனால் வலி இருக்கிறது. முன்பைவிட அதிகமாக இருப்பது போலவும் தோன்றுகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் இடது பிட்டத்தில் தொடங்கி முழங்கால் வரை இழுக்கிறது. சாரல் அடிக்கிற நாட்களில் அது இன்னும் மோசம். சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "மாத்திரைக்கு அடி போடுகிறாய்" என்று என் தம்பியே சொல்லிவிட்டான். சில நேரம் எனக்கே அந்தச் சந்தேகம் வருகிறது. இது வலியா, மாத்திரையின் ஏக்கமா, எப்படிப் பிரித்தறிவது? மேலும், ஆவணியில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். பழைய கதையைச் சொன்னால் வலி மருந்தே கொடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அதே மாத்திரையை மறுபடியும் எழுதிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முக்கூடல் அக்கா

தம்பி, நான் முப்பது வருடம் பீடி சுற்றியவள். முறத்தை மடியில் வைத்துத் தலையைக் குனிந்தே உட்கார்ந்து, கழுத்திலிருந்து வலது கை வரை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு கம்பவுண்டர் பென்டசோசின் என்ற அதே வகை வலி ஊசி போட்டார். போட்ட பத்தாவது நிமிடத்தில் கழுத்தே என்னுடையது இல்லை என்பது போல ஆகிவிடும். அன்று ஆயிரம் பீடியும் முடிந்துவிடும். மாதம் ஒன்று வாரம் ஒன்றாகி, பிறகு தினமும் இரண்டாகிவிட்டது. இடுப்பிலும் தொடையிலும் ஊசி போட்ட இடமெல்லாம் கல்லாக இறுகி, பிறகு ஊசியே இறங்கவில்லை. அதை விட்டு நான்கு வருடம் ஆகிறது.

நீங்கள் கேட்ட முதல் கேள்வியை நானும் ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிரிக்க முடியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். வலி வந்தால் ஏக்கம் வரும், ஏக்கம் வந்தால் வலி கூடும். இரண்டும் ஒரே வீட்டு ஓரகத்திகள். அதனால் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் வருகிறது, அதற்கு முன் என்ன செய்தேன் என்று மட்டும் என் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். ஒரு மாதம் எழுதியபோதுதான், கடைக்குப் பீடி கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் மட்டும் வலி இரட்டிப்பாக இருப்பது தெரிந்தது. முந்தின இரவு கணக்கு முடிக்க வேண்டும் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்ததுதான் காரணம். இப்போது நூறு பீடி ஆனதும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்புறம் வரை போய் வருகிறேன். வலி வந்த பிறகு எழுந்தால் அது ஓய்வில்லை, தண்டனை. ஆயிரம் சுற்றிய கை இப்போது அறுநூறுதான் சுற்றுகிறது. கூலி குறைந்தது உண்மைதான். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

மருந்தாளுநர், அம்பாசமுத்திரம்

ஐயா, உங்கள் கடைக்காரர் கையை விரித்ததற்குக் காரணம் உண்டு. 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருளாக மத்திய அரசு அறிவித்தது. முறையான சீட்டோடு வாங்குவது அதற்குப் பிறகும் குற்றமில்லை. கணக்குக் காட்ட வேண்டிய சுமை கடைகளுக்கு வந்தது, அவ்வளவே. ஆனால் அதுவரை கேள்வி கேட்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் நிறுத்தியதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் டிரமடாலில் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்தால் அதற்குக் குறைவான அளவிலும் வரலாம்.

வலி முன்பைவிட அதிகமாகத் தோன்றுவது உங்கள் கற்பனை இல்லை. இவ்வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களின் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுவது உண்டு. தோட்டத்தில் திருடன் வந்தால் குரைக்க வேண்டிய நாய், சருகு விழுந்தாலும் குரைக்கிற நிலை அது. மருந்தை நிறுத்திய பிறகு பலருக்கு இது மெல்ல மெல்லத் தணிகிறது. தூக்கம் கெடுவதும் அப்படித்தான், மாதக்கணக்கில் நீடிக்கும். தூங்காத இரவுக்கு அடுத்த நாள் வலி கூடுவதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றி: சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குடலிறக்கத்துக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யலாம், வெட்டும் இடத்தைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தலாம், பாராசிட்டமாலை ஒழுங்கான நேரத்துக்குக் கொடுக்கலாம். உங்கள் முதுகில் ஏற்கெனவே அறுவை நடந்திருப்பதால் எது பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்வார். எல்லாவற்றையும் மீறி இரண்டொரு நாளைக்கு வலுவான மருந்து தேவைப்பட்டால், அதை வாங்கிக்கொள்வது தோல்வியில்லை. எத்தனை மாத்திரை, எந்தத் தேதியோடு முடிகிறது என்று சீட்டிலேயே எழுதி வாங்கி, உங்கள் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். மீண்டும் பழகிவிடாமல் இருக்க நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதியிருந்தால் அதைச் சொல்லாமல் அறுவை மேசையில் படுக்கவே கூடாது. அது உள்ளே இருக்கும்வரை அபின் வகை வலி மருந்துகள் சரியாக வேலை செய்யாது. பழக்கத்தை விடுவதற்காக நாக்குக்கு அடியில் வைக்கிற பியூப்ரினார்ஃபின் எடுப்பவர் என்றால், அறுவைக்காகத் தானாக நிறுத்தக் கூடாது. உங்களுக்கு இவை எழுதப்பட்டனவா என்று தெரியவில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து மாத இடைவெளியில் உங்கள் உடம்பு பழைய அளவை மறந்துவிட்டது. தாங்க முடியாத ஒரு மாலையில் பழைய கணக்கில் ஒரு கைப்பிடி விழுங்கினால் மறுபடியும் வலிப்பு வரலாம், மூச்சே நின்றும் போகலாம். வீட்டில் எங்காவது பழைய அட்டை மிச்சம் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அதேபோல, போதையில்லாத வலி மாத்திரை என்பதற்காக டைக்ளோஃபினாக்கைத் தினமும் போட்டுக்கொள்வதும் வேண்டாம்; வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை எங்கள் கடையில் வாரந்தோறும் பார்க்கிறேன். நரம்பு இழுக்கும் வலிக்கு வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் பிரீகாபலின் போன்ற சில மருந்துகளும் பழக்கமாகிவிடக் கூடியவை என்பதாலும், உங்களுக்கு வலிப்பு வந்திருப்பதாலும், மருத்துவரிடம் முழுக்கதையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பொதிகைத் தென்றல்

ஆங்கில மருந்தை விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் பொடி கொடுக்கிறார், மூன்றே நாளில் வலி பறந்துவிடும். வேண்டுமானால் முகவரி தருகிறேன்.

மருந்தாளுநர், அம்பாசமுத்திரம்

முகவரி வேண்டாம் ஐயா. சித்த மருத்துவத்தின்மேல் எனக்குக் குறை இல்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே போய் என்ன மருந்து என்று கேட்டு வாங்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொடி மூன்று நாளில் வலியைப் பறக்கவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு பழக்கத்திலிருந்து வெளியே வந்திருக்கிறவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

இயன்முறை மருத்துவர்

அண்ணாச்சி, நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்கிறவள். 2021இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். உங்களுக்கோ ஆண்டுகள் கடந்துவிட்டன. வலி முழுதாகப் போன பிறகு தோட்டத்துக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் கட்டிலோடு கட்டிலாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அசையாத முதுகில் தசை இளைத்து, அடுத்த முறை குனியும்போது இன்னும் வலிக்கும். அக்கா நூறு பீடிக்கு ஒருமுறை எழுவதைத்தான் நாங்களும் புத்தகத்தில் வேறு பெயரில் படித்தோம். நீங்கள் வாழை மரங்களின் மூடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல நாளில் எத்தனை மூடுகளுக்குக் களை எடுக்க முடிகிறதோ, அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். நல்ல நாளிலும் அதற்கு மேல் போகாதீர்கள், கெட்ட நாளிலும் முடிந்தவரை அதை விடாதீர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டலாம். நான்கு மணிக்கு வலி வரும் என்பது தெரிந்திருக்கிறது அல்லவா, மூன்றரைக்கே பாயில் மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலியின்மேல் தூக்கி வைத்து, கால் மணி நேரம் மூச்சை மெதுவாக விடுங்கள். உப்பு ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும் இடத்தில் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், முதலில் உங்கள் மனைவியின் புறங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் போய் அருவியில் முதுகைக் காட்டச் சொல்லி யாராவது கூப்பிடுவார்கள். அந்தத் தண்ணீர் விழும் வேகத்துக்கு அறுவை செய்த முதுகைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சிறுநீர் தன்னையறியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவில் ஏக்கம் தாங்கவில்லை, பேச ஆளில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஏத்தன்தோட்டம், களக்காடு

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன், "கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு, குறித்துக்கொண்டு, மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் கொடுத்தார். உரச்சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு அட்டையை என் மனைவியிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். அதில் நான்கு மாத்திரை இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சற்று நேரம் என்னையே பார்த்தாள்.

அக்கா சொன்னபடி நோட்டு எழுதுகிறேன். என் தம்பி வருகிற நாட்களில் வலி கூடுகிறது என்று நோட்டு சொல்கிறது, அதற்கு என்ன வைத்தியம் என்று தெரியவில்லை. வாழை மூடுகளின் கணக்கை ஆறில் தொடங்கினேன். நான்கு நாள் ஆறோடு நிறுத்தினேன். ஐந்தாம் நாள் உடம்பு லேசாக இருக்கிறதே என்று பதினைந்து வரை போய்விட்டேன். அன்று இரவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

முக்கூடல் அக்கா

அந்தப் பதினைந்தை நானும் செய்திருக்கிறேன் தம்பி, ஒரு தடவை இல்லை. மறுநாள் எத்தனை செய்தீர்கள்?

ஏத்தன்தோட்டம், களக்காடு

மூன்று, அக்கா. இன்று மறுபடியும் ஆறு.