மறு: கார் வேக்ஸ் – மெருகா, மெழுகா, காப்பா?

மயிலாடுதுறையிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திருவாரூர் தம்பி கேட்டது இரண்டு. வேக்ஸ், பாலிஷ், கோட்டிங் மூன்றையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது? அப்புறம், நாள் முழுக்க வெயிலில் நிற்கிற தன் வெள்ளை வண்டிக்கு எதைப் போட்டால் நிலைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்? முதல் கேள்விக்கு மடல்கள் குவிந்துவிட்டன. இரண்டாவதை யாரும் தொடவில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்லப் போனால் முதலாவது தானாக அவிழும் என்று எனக்குப் படுகிறது.

> ‘மெருகுமெழுகு’ என்று வைத்துவிடலாம். பாலிஷ், வேக்ஸ் இரண்டுக்கும் பொருந்தும்.

இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதுதான் சிக்கலே. நம் பக்கம் எந்த வாட்டர் வாஷில் போய் நின்றாலும் “பாலிஷ் போட்டுடலாம் சார்” என்பார்கள். அது தேய்க்கிற பசையாகவும் இருக்கலாம், வேக்ஸாகவும் இருக்கலாம், டாஷ்போர்டில் அடிக்கிற சிலிக்கோன் திரவமாகவும் இருக்கலாம். வண்டிக்காரருக்குப் பளபளப்பு வந்தால் போதும், கேட்க மாட்டார். ஆனால் பெயிண்டுக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம்.

தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு, வெயில் தாங்குவது எல்லாம் அந்தப் படலத்தின் கையில். பாலிஷ் என்பது நுண்ணிய துகள் கலந்த பசை. கீறலின் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்குகிறது, அதாவது கிளியர் கோட்டில் கொஞ்சத்தை எடுத்துவிடுகிறது. வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படலமாகப் படிந்து, வெயிலும் அழுக்கும் முதலில் தன் மேல் விழும்படி பார்த்துக்கொள்கிறது. ஒன்று எடுப்பது, ஒன்று சேர்ப்பது. பொங்கலுக்குப் பொங்கல், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என்று ‘பாலிஷ்’ போட்டே கிளியர் கோட்டைத் தின்று தீர்த்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கும். அதற்கு மேல் எந்த வேக்ஸும் உதவாது, பெயிண்டிங் பட்டறைதான்.

ஆகவே பாலிஷுக்கு மெருகு. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, ‘மெருகேற்றுதல்’ என்றால் யாருக்கும் விளங்கும். வேக்ஸுக்கு மெழுகு. ‘ஒலி நெருக்கமாக இருக்கிறதே, குழம்பாதா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுத்தில் ஒருவேளை குழம்பலாம். பேச்சில் குழம்பாது, நம் ஊரில் யார் மெழுகு என்கிறார்கள்? ‘மொழுகு’தான். “வாசல் மொழுகியாச்சா” என்று கேட்கிற ஊர் இது.

இந்த ‘மொழுகு’வை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கட்சி. சாணம் கரைத்துத் தரை மெழுகுவதில் தேன்மெழுகும் இல்லை, பாரஃபினும் இல்லை. மெல்லிசாக ஒரு படலம் இழுத்து, காயவிட்டு, தேயத் தேய மறுபடி இழுப்பதற்குத் தமிழில் பெயர் மெழுகுதல். கார் வேக்ஸ் செய்வதும் அதையேதான். அப்படியானால் பெயரும் வினையும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன: “மெழுகு வாங்கினேன்”, “காரை மெழுகினேன்”. ‘மெழுகுப்பூச்சு இடுதல்’ என்றெல்லாம் நீட்டத் தேவையில்லை.

> கார்னோபாவைப் ‘பனைமெழுகு’ என்று சொல்லலாமே?

வேண்டாம் என்பேன். கார் வேக்ஸில் சேர்க்கிற அந்த மெழுகு பனை வகையிலிருந்து வருவதுதான். பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனையின் ஓலையில் படிவதைக் காயவைத்து உதிர்த்து எடுக்கிறார்கள். ஆனால் இங்கே பனைமெழுகு என்றால் நம் பனைமரம் கண்முன் வந்து நின்றுவிடும். கார்னோபா மெழுகு என்றே இருக்கட்டும். இந்த விவாதத்தில் அதன் உருகுநிலைதான் முக்கியம்: 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62, 64-லேயே இளகிவிடும். உலோகச் சிலை வார்க்கிற சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு அந்த இளக்கம்தான் வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, சூடு காட்டி மெழுகை ஓடவிட்டுத்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பானெட்டில் அந்தக் கதை நடக்கக் கூடாது. கத்திரி வெயிலில் கறுப்பு பானெட் 60 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். தேன்மெழுகோ பாரஃபினோ அதிகம் கலந்த மலிவு வேக்ஸ் அந்தச் சூட்டில் இளகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதற்காக டப்பாவில் ‘நூறு சதவீதம் கார்னோபா’ என்று பார்த்து ஏமாற வேண்டாம். சுத்தக் கார்னோபா கல் மாதிரி இருக்கும், கையால் தடவவே முடியாது. எண்ணெயும் கரைப்பானும் கலந்தால்தான் பசையாகும். அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்று டப்பாவில் பெரும்பாலும் இருக்காது.

சரி, தம்பியின் வெள்ளைக் காருக்கு வருகிறேன். கார்னோபா தருகிற ஆழமான, ஈரம் பட்ட மாதிரியான பளபளப்பு கறுப்பிலும் அடர்சிவப்பிலும் கொள்ளை அழகு. வெள்ளையில் அது பாதிகூடத் தெரியாது. நிலைப்பதும் ஆறு வாரம், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். வெள்ளைக்கும் வெள்ளிக்கும் செயற்கைப் பாலிமரில் செய்த சீலண்ட் எடுப்பாக இருக்கும். கண்ணாடி போட்டது போல் பளிச்சென்று இருக்கும், நான்கிலிருந்து ஆறு மாதம் நிற்கும். உன் வண்டிக்கு நான் சொல்வது சீலண்ட்தான், தம்பி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒன்று, மழைவிட்டு வெயில் ஏறும்போது ஒன்று.

இந்த சீலண்டுக்கு ‘அடைப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தண்ணித்தொட்டி ஒழுகினால் வைக்கிற பொருள். இது எதையும் அடைப்பதில்லை. நான் முன்வைப்பது காப்பு. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் மாரியம்மன் புற்று மண்ணால் ஆனவள். மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக் காப்புதான். சந்தனக் காப்பு, எண்ணெய்க் காப்பு, வெண்ணெய்க் காப்பு என்று டெல்டாவில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழும். மேலே சாத்துவது, காப்பது, காலம் முடிந்தால் மறுபடி சாத்துவது, மூன்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே சீலண்ட் பாலிமர்க் காப்பு; சிலிக்கா கலந்து கெட்டிப் படலமாகப் பூசுகிற செராமிக் கோட்டிங் சிலிக்காக் காப்பு. என்ன சொல்கிறீர்கள்?

கும்பகோணத்திலிருந்து:

அண்ணே, வணக்கம். டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மெழுகு ஓகே, மெருகு ஓகே. காப்பு என்று போர்டு எழுதி வைத்தால் என் பையன்களே சிரிப்பார்கள். “காப்பு மாட்டிட்டாங்க” என்றால் எங்கள் தெருவில் அர்த்தம் வேறு, போலீஸ் வேலை. ‘கோட்டிங்’ என்று கஸ்டமரே கேட்டு வருகிறார், அதை ஏன் மாற்ற வேண்டும்?

நீங்கள் விட்ட ஒன்று: மெழுகுவதற்கு முன்னால் செய்கிற கிளே வேலை, அதாவது பிசைகிற மாதிரி இளக்கமான ஒரு கட்டியால் ஒட்டின அழுக்கை எடுப்பது. வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்தது, பைக்குள் இருக்கிற விரலுக்கு நெறுநெறுவென்று மணலாகத் தெரியும். ரயில் தண்டவாளத் தூள், பிரேக் தூள், தார்ப் புள்ளி எல்லாம் கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு நிற்கிறது. ஷாம்பூவுக்கு அது அசையாது. கிளே கட்டியை ஈரத்தோடு இழுத்தால்தான் வரும். அதை எடுக்காமல் மேலே எந்த மெழுகு போட்டாலும் சரியாக ஒட்டாது. இதற்குக் ‘களிமண்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், எவனாவது வாய்க்காலில் இருந்து அள்ளிக்கொண்டு வந்து தேய்ப்பான். ‘பட்டி’ என்றும் வேண்டாம், அது நசுங்கலில் அப்புகிற பட்டிக்குப் போய்விட்டது.

அப்புறம் அறுவடை சமயத்தில் ஒரு விஷயம். தை, மாசியில் மெஷின் ஓடும்போது ரோடெல்லாம் வைக்கோல் தூசி, நெல் சுணை, ரைஸ் மில் பக்கம் போனால் உமி. காலையில் வண்டியை எடுக்கும்போது காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டித் துடைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வட்டம் வட்டமாக மயிர்க்கீறல் விழுகிறது. மெழுகு அதைத் தடுக்காது. தண்ணி ஊற்றித் தூசியை இறக்கின பிறகுதான் துணி தொட வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து:

கும்பகோணம் அண்ணன் சொன்ன உமி விஷயம் சரி. உமியில் சிலிக்கா அதிகம், எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பங்கு அதுதான். அந்தக் காலத்தில் உமிக்கரியால் பல் விளக்கினதும் அதை நம்பித்தான். கீறுகிறதும் சிலிக்கா, கோட்டிங்கில் காக்கிறதும் சிலிக்கா. ‘சிலிக்காக் காப்பு’ என்பதில் எனக்குத் தடையில்லை. ‘பீங்கான் பூச்சு’ என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். அதைப் படித்தால் கழிவறை ஞாபகம்தான் வருகிறது.

எங்கள் கவலை உப்பு. நாகையிலிருந்து வேளாங்கண்ணி, வேதாரண்யம் வரைக்கும் கடற்காற்று படாத வண்டி இல்லை. “வேக்ஸ் போட்டா துரு பிடிக்காது மேடம்” என்று விற்கிறார்கள். வேக்ஸ் மேல் பெயிண்டுக்குத்தான். துரு ஆரம்பிப்பது கதவின் அடி விளிம்பில், சக்கரத்து வளைவுக்குள், கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடத்தில். அங்கே வேக்ஸ் துணி போவதே இல்லை. வண்டிக்கு அடியில் அடிக்கிற கறுப்புப் பூச்சு வேறு பொருள், அதற்குத் தனிச் சொல் வேண்டும். அடிக்காப்பு என்று வைத்தால் இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்க முடியாது.

இன்னொன்று: போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளைப் புள்ளி விழுகிறது. மெழுகு போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அழகுதான், ஆனால் ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு உப்புக்கறை. உடனே துடைத்தால் ஒன்றும் இல்லை. விட்டால் வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து, அந்த இடத்தை மறுபடி மெழுக வேண்டும். முத்து நிற்பதை வைத்தே மெழுகு இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டவும் வேண்டாம். அழுக்குப் படலம் ஏறினாலும் முத்து நிற்காது. கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து:

அக்காவுக்கும் கும்பகோணத்துத் தம்பிக்கும் நன்றி. போலீஸ் காப்பு கையில் மாட்டுவது, இது வண்டியில் போடுவது. மொட்டையாகக் ‘காப்பு’ என்று எழுதாமல் எப்போதும் முன்னால் ஒரு சொல் சேர்த்தே எழுதினால் சிரிப்பு அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். போர்டில் கோட்டிங் என்றே இருக்கட்டும், அதை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் எழுதும்போது காப்பு.

கிளேக்கு வழலைக்கட்டி என்று ஒரு யோசனை தனிமடலில் வந்தது. வழலை என்றால் சோப்பு என்று ஏற்கெனவே ஓடுகிறது, அதனால் எனக்குச் சம்மதமில்லை. ஒற்றுக்கட்டி எப்படி? ஒற்றி எடுக்கிற கட்டி. சுண்டு விரல் அளவு பிய்த்து, தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுப்பது. அழுக்கான முகத்தை உள்ளே மடித்துவிட்டு அடுத்த முகம். தரையில் விழுந்துவிட்டால் அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் கோடு கிழிக்கும்.

வட்டக் கீறலுக்குச் சுழிக்கீறல். நீரால் விழுவதற்கு அக்கா சொன்ன உப்புக்கறையே. வண்டிக்கு அடியில் அடிக்காப்பு.

தம்பிக்கு ஒரு வரி: நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சூடு தெரியாத நேரத்தில் போடு. மெல்லிசாக, இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் தடவ வேண்டும். தடித்தால் கூடுதலாக நிற்காது, துடைக்கிற கைதான் வலிக்கும். எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். விரலால் இழுத்துப் பார், கோடு சுத்தமாக விழுந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடு. அடுத்த கழுவலுக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தொடாதே, மெழுகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஒற்றுக்கட்டிக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். மற்றவற்றை விக்சனரி என்கிற இணைய அகராதியில் ஏற்றத் தொடங்குகிறேன்.