வளர்ச்சி நீர்ப்பா, வளர்விளாவலா?

கும்பகோணத்திலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். விலங்கியல் செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். தண்ணீரில் உள்ள நஞ்சு மீன்குஞ்சின் உடம்பில் சேர்கிறது. இரை தாராளமாகக் கிடைத்தால் குஞ்சு மளமளவென்று பெருக்கிறது. உள்ளே போன நஞ்சு அவ்வளவேதான். எடை கூடியதால் கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் growth dilution எனப்படும் இந்த இறக்கத்துக்கு 'வளர்ச்சிவழிச் செறிவுக் குறைவு' என்று எழுதினேன். "இது பேரா, விளக்கமா சார்?" என்கிறாள் மாணவி.

திருவையாற்றிலிருந்து:
நீர்த்த அமிலம் பள்ளிப்பாடத்திலேயே உண்டு. ஈர், ஈர்ப்பு; தீர், தீர்ப்பு; நீர், நீர்ப்பு. 'வளர்ச்சி நீர்ப்பு'. முடிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் ஐதான அமிலம்தான். 'வளர்ச்சி ஐதாக்கம்' ஆகாதா?

மன்னார்குடியிலிருந்து:
நீர்ப்பு என்கிறீர்கள், இங்கே நீர் எங்கே சேர்கிறது? சேர்வது தசை. புளித்தண்ணீர் கொதித்ததும் அம்மா பருப்புத்தண்ணீர் விட்டு ரசத்தை விளாவுவார். புளி அதே எலுமிச்சையளவு. ரசம் பெருகியதால் புளிப்பு இறங்குகிறது. நாக்குக்கே தெரிந்த கணக்கு! 'வளர்விளாவல்' என்று வையுங்கள். வெந்நீர் விளாவாத வீடு நம் பக்கத்தில் உண்டா? அப்புறம், விளாவுதலும் அளாவுதலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் நெடுநாள் எண்ணம். குறளில் குழந்தையின் சிறுகை கூழை அளாவுகிறதே, அதுவும் கலப்பதுதான்.

திருவையாற்றிலிருந்து:
ஐயா, 'விள்' என்றால் பிளவுபடு. பிளந்தால் எப்படிக் கலக்கும்? தவிர, விளாவ ஓர் ஆள் வேண்டும். நீர்த்தல் தானாக நடப்பது. மீனை யார் விளாவுகிறார்கள்?

மன்னார்குடியிலிருந்து:
இரை.

நாகப்பட்டினத்திலிருந்து:
பெயர் எதுவானாலும் சரி, இரை நஞ்சுக்கு முறிவு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. செம்பும் காட்மியமும் பாசியில் ஒட்டிக்கொண்டு, அதைத் தின்னும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா) என்ற சிற்றுயிருக்குள் போகும். அங்கே இரையே நஞ்சு வரும் வழி. கோடையில் கடைமடைக் குட்டை சுருங்கி இரை அற்றுப்போனால் மீன் தன் கொழுப்பைக் கரைக்கும். அதில் அடங்கிக் கிடந்த டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் இரத்தத்துக்கு வந்துவிடும். இதற்கல்லவா பெயர் வேண்டும்? இன்னொன்று: நீர்த்தெள்ளுக்கு 48 மணி நேர நஞ்சுச் சோதனையில் இரை போடுவதில்லை, 21 நாள் சோதனையில் பாசி கொடுக்கிறோம். இரண்டு முடிவையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். கையேட்டில் அதை முதலில் எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:
ரசம் வற்றினால் சுண்டுகிறது. ஆகவே 'மெலிசுண்டல்'.

திருவையாற்றிலிருந்து:
தேர்வுத்தாளில் சுண்டலா? நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
அச்சகத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள். தனிமடலில் வந்தவர்களில் பெரும்பாலோர் நீர்ப்பு பக்கம்; 'வளர்ச்சி நீர்ப்பு' என்றே போட்டுவிட்டேன். இரை பற்றிய எச்சரிக்கை முதல் பக்கத்தில் இருக்கிறது. பட்டினிக்குச் சொல் இல்லை, ஒரு பத்தி மட்டும். ரசத்தை உதாரணமாகச் சேர்த்திருக்கிறேன், ஐயா.

மன்னார்குடியிலிருந்து:
அதிலாவது 'விளாவி' என்று இருக்கிறதா, 'கலந்து' என்று மாற்றிவிட்டீர்களா?