புதுப்பிப்பு: "நல்லா இருக்கு" என்றவர்கள் ஏன் பில் கட்டவில்லை?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் பில் கட்டும் செயலியைப் பேட்டியில் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள், ஆனால் பாதிப் பேர் பணம் கட்டும் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று. காரணம் தெரிந்துவிட்டது.

கருத்துக் கேட்பதை நிறுத்தினோம். "இந்த மாத பில்லைக் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம், அவரவர் வீட்டில், அவரவர் போனில். ஒரு அம்மா ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போனார். எண்ணை நாள்காட்டி ஓரத்தில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தால், செயலி முதல் பக்கத்தில் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை போனை மகனிடம் நீட்டிவிட்டார். இன்னொருவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் 'கட்டு' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. எங்கள் ஆபீஸ் போனில் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அவர்கள் திணறும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். மனதுக்குள் பத்து எண்ணினேன்.

அப்புறம், இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரிடம் ஒரு பிரச்சினை வெளிப்பட 31% வாய்ப்பு என்று வைத்தால் ஐந்து பேரைப் பார்த்தாலே பிரச்சினைகளில் சுமார் 85% தெரிந்துவிடும் என்பது, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்கு. அது ஒரே மாதிரிப் பயனர்களுக்கு. கடைக்காரர்களும் வீட்டிலிருப்பவர்களும் வேறு வேறு என்பதால் நாங்கள் இரண்டு குழுவாகப் பார்த்தோம்.

ஓடிபி பக்கத்தைத் திருத்தியாயிற்று. அடுத்த வாரம் அதே அம்மாவிடம் போகிறேன்.