பச்சைக் குழந்தையைக் கையிலேயே வைத்திருக்கலாமா?

புது அப்பா:
மகள் பிறந்து இன்று 22 நாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் என் மார்பில்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்று மார்பில் குப்புறச் சாய்த்து, முதுகில் ஒரு துண்டைப் போர்த்துகிறேன். சிறிது நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிடுகிறது. சுட்டுவிரலைக் கொடுத்தால் ஐந்து விரலாலும் பற்றிக்கொள்கிறாள், விடுவதே இல்லை. மாமியாரோ, "கைச்சூடு கண்டுவிட்டால் பிள்ளை கீழே இறங்காது, தூளியில் போடுங்கள்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

மூன்று பேரன்களின் பாட்டி:
உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி, தம்பி. பிறந்த பிள்ளைக்குப் பாலும் தூக்கமும் போதும். நாளில் 16 மணி நேரம் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிவைத்துக் கொஞ்சுவது உங்கள் ஆசைக்காக. நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். வீறிடும் பிள்ளையோடு அல்லாடப்போவது பச்சை உடம்புக்காரியான உங்கள் மனைவி. என் மூத்த மகள் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் தட்டுமாக நின்றபடியே சோறு தின்றாள். அதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி:
அம்மா, இதில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். முதல் மூன்று மாதத்தில் தூக்கி வைத்திருப்பதால் பிள்ளை கெட்டுப்போகாது. வயிற்றுக்குள் பத்து மாதம் சூட்டிலும் அசைவிலும் கிடந்த உயிர் அது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடியபோது, எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அந்தக் கங்காரு முறையைத்தான் இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித்தருகிறோம். அப்பாவும் செய்யலாம். ஆனால் தம்பி, அப்படியே சோபாவில் கண்ணயர்ந்துவிடாதீர்கள், அது ஆபத்து. பிள்ளை தூங்கியதும் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளியில் கழுத்து மடங்கும்.

மூன்று பேரன்களின் பாட்டி:
தூளியில் வளராத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை! பிள்ளையோடு மகிழ்ந்திருக்க வேண்டுமென்றால் குளிப்பாட்டுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் முதல் சொம்புக்கு முகம் சுளிக்கும். மூன்றாவது சொம்புக்குள் உடம்பைத் தளரவிட்டுவிடும். அதைவிட இன்பம் உண்டா?

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி:
குளிப்பாட்டுங்கள், மகிழ்ச்சிதான். மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரட்டையரின் அம்மா:
எனக்கு இருந்தது இரண்டு கை, பிள்ளைகளும் இரண்டு. ஆசைப்பட்டாலும் நாள் முழுக்கத் தூக்கியிருக்க முடியாது. பாயில் கிடத்தி, ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோவேன். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். சமையலில் என்ன போட்டேன் என்பதுவரை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கால் உதைப்பது நின்று, கண் என் நெற்றிக்கும் முடிக்கும் நடுவே நிலைக்கும். வயிற்றிலேயே கேட்ட குரல் அல்லவா! பாட்டி தூக்காதே என்கிறார், செவிலி தூக்கு என்கிறார். பேசுவதைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

புது அப்பா:
பாட்டி, என் மனைவியைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. இனி இரவு 9 மணி முதல் 11 வரை பிள்ளை என்னிடம். அவள் தனி அறையில் தூங்கட்டும். நான் உட்கார்ந்து கதை சொல்லப்போகிறேன்.

மூன்று பேரன்களின் பாட்டி:
அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பகலில், பெரியவர்கள் கண்ணெதிரே இருக்கும்போது தூளி ஆடட்டும். அதில் நான் இறங்கிவரமாட்டேன்.