மறுமொழி: ‘அன்ஃப்ரெண்ட்’ – நட்பொருவு, ‘ஸ்னூஸ்’ – காய் விடு

குழுவினர் அனைவருக்கும் கிருஷ்ணகிரியிலிருந்து வணக்கம். சமூக வலைத்தளத்தில் நண்பரிடமிருந்து விலகுவதற்கான ‘அன்ஃப்ரெண்ட்’, ‘அன்ஃபாலோ’, ‘ஸ்னூஸ்’ ஆகிய பொத்தான்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் எழுந்த இரு கேள்விகளுக்கு இது மறுமொழி.

> ‘நட்பு நீக்கு’ எல்லோருக்கும் புரிகிறது. இதற்கு மேல் புதுச்சொல் எதற்கு?

புரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை, ஐயா. கோப்பை அழிக்கவும், படத்தை எடுத்துவிடவும், உறுப்பினரை வெளியேற்றவும் ‘நீக்கு’ என்றே எழுதிப் பழகிவிட்ட நாம், ஒரு மனிதரிடமிருந்து விலகும் மூன்று வேறுவேறு நிலைகளுக்கும் அதையே இட்டால், அழுத்துகிறவர் தாம் செய்வது இன்னதென்று அறியாமலே அழுத்திவிடுவார் என்பதுதான் என் கவலை. நட்பை முறித்துக்கொள்வது ஒன்று. நட்பு இருக்க, அவர் எழுதுவது மட்டும் கண்ணில் படாமல் செய்வது மற்றொன்று. முப்பது நாள் மட்டும் ஒதுக்கி வைப்பது வேறொன்று.

முதலாவதற்கு ‘நட்பொருவு’ என்பதை முன்மொழிகிறேன். ஒருவுதல் என்றால் விட்டு விலகுதல். ‘மருவுக மாசற்றார் கேண்மை’ என்று தொடங்கும் குறள் (800), ஒப்பில்லாதவர் நட்பை ஒன்றைக் கொடுத்தாவது ‘ஒருவுக’ என்கிறது. ஆங்கிலச் சொல்லும் நேற்றுப் பிறந்ததன்று: 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது என்றாலும், அதன் வடிவம் 1659இலேயே தாமஸ் ஃபுல்லர் என்ற ஆங்கில எழுத்தாளரின் எழுத்தில் காணப்படுகிறது.

இரண்டாவதற்கு, ‘முகநட்டு அகநட்பு ஒரீஇ விடல்’ (முகத்தளவில் நட்புக் காட்டி, மனத்தளவில் விலகிவிடுக) என்னும் குறளிலிருந்து (830) ‘முகநட்பு’ என்று ஆக்க எனக்கு முதலில் ஆசை இருந்தது. ஆனால் அந்தக் குறள் பகைவரோடு பழக நேரும் காலத்துக்குச் சொல்லப்பட்டது. ஓயாமல் எழுதுகிற நல்ல நண்பரை அந்தப் பெயரால் குறிப்பது முறையன்று. ‘பின்தொடர்வதை நிறுத்து’ என்பதே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. சண்டையிட்ட பிள்ளைகள் விரலைக் காட்டிக் ‘காய்’ விடுவதும், மறுநாளோ அதே மாலையிலோ ‘பழம்’ விடுவதும் நாம் எல்லோரும் செய்தவைதாம். காய்தல் என்னும் வினைக்குச் சினத்தல் என்ற பொருளும் உண்டு; ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்று இன்றும் எழுதுகிறோம். அதனோடு இந்தத் தொடரை இணைக்கத் தோன்றலாம். ஆயினும் எதிர்ச்சொல் ‘பழம்’ என்று அமைந்திருப்பதால், மரத்துக் காயே இதன் பிறப்பிடம் என்பது என் துணிபு. மாங்காயை வைக்கோலில் அடுக்கி மூடிவைத்து, வாசம் வரும்வரை கை வைக்காமல் காத்திருக்கும் வீடுகளில் வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: காய் என்பது இன்னும் பழுக்காதது, கெட்டுப்போனதன்று. ‘ஸ்னூஸ்’ செய்பவர் சொல்ல நினைப்பதும் அதுவே.

> சிறுபிள்ளைப் பேச்சைக் கலைச்சொல்லாக்கலாமா?

அம்மா, அதை இழுக்காக நான் கருதவில்லை. சொல் சிறுவருடையதாயினும் செயல் பெரியோருடையதுமாகும். 2004 வரை எங்கள் மாவட்டமும் சேர்ந்திருந்த தருமபுரியை, அதாவது பழைய தகடூரை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது, ஔவையார் அவன் வாயில்காவலனை அழைத்து, ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்று மூட்டை கட்டிவிட்டதை அறிவித்து, எந்தத் திசைக்குச் சென்றாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று பாடினார் (புறநானூறு 206). அவ்வளவு சினத்திலும் அவர் அவனை ஒருவவில்லை. அவன் இறந்தபோது, கள் சிறிதளவே கிடைத்தால் எமக்குத் தந்துவிடுவானே என்று உருகிப் பாடியவரும் (235) அவரே. அன்று வாயிலில் அவர் விட்டது காய்தான்.

ஆகவே பொத்தான்களில் ‘30 நாள் காய் விடு’ என்றும், அதை மீட்பதற்குப் ‘பழம் விடு’ என்றும் எழுதலாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சினம் தணியாத பொழுதில் கை முதலில் படும் பொத்தானையே அழுத்தும் என்பதால், பட்டியலில் ‘காய் விடு’ மேலேயும் ‘நட்பொருவு’ கடைசியிலும் வரவேண்டும். ‘நட்பொருவு’ என்பதை விரைந்து படிப்பவர் ‘நட்பு ஒரு’ என்று பிரித்துத் தடுமாறக்கூடும் என்ற ஐயம் எனக்கே இருப்பதால், ‘நட்பை ஒருவு’ என்று விரித்து எழுதுவது மேலா என்பதைக் குழுவினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.